சிகிரியாவும் மியூவனும்: சார்புக் கொள்கையில் கோணம் ‘தெரிவது’ பற்றி

வேகமாக நகரும் கோலின் சாய்வுக் கோணம் மாறும் என்பதில் யாருக்கும் பிணக்கில்லை, பிணக்கு வினைச்சொல்லில்தான். அம்மாற்றம் அவதானிக்குத் ‘தெரிகிறது’ என்று ஒரு மரபு நெடுங்காலமாக எழுதிவருகிறது. அது தெரிவதன்று, அளக்கப்படுவது என்பது என் வாதம்.

அம்மரபின் சான்று ஐன்ஸ்டைனின் 1905 கட்டுரையில் நான்காம் பகுதி. ஓய்வில் கோளமாக அளக்கப்பட்ட திண்பொருள், நகரும்போது, ஓய்வுச் சட்டத்திலிருந்து ‘பெட்ராக்டெட்’ ஆகையில், தட்டையான நீள்வட்டத் திண்மம் ஆகிறது என்கிறார். அந்த ஜெர்மன் சொல் நோக்குதலையும் குறிக்கும், கருதுதலையும் குறிக்கும். ஆனால் அவர் நோக்கச் சொல்வது ஒரு மனிதரின் இடத்திலிருந்து அல்ல, ஒரு சட்டத்திலிருந்து. கண் ஒரு புள்ளியில் இருப்பது. சட்டமோ வெளியெங்கும் ஒத்திசைந்த கடிகாரங்களோடு பரந்து கிடப்பது. நகரும் கோலின் நீளம் என்பது இரு முனைகளும் ஒரே கணத்தில் எங்கெங்கே இருந்தன என்று குறித்துப் பெறுவது என்று இரண்டாம் பகுதியிலேயே வரையறுத்தும் விட்டார். இதற்குப் பிறகு அச்சொல்லைப் பார்வை என்று கொள்வது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

அளப்பதும் பார்ப்பதும் வேறு என்பதை மாத்தளை மாவட்டத்திலேயே சோதிக்கலாம். அண்டக்கதிர்கள் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் பிறப்பிக்கும் மியூவன் என்னும் துகள்கள் அங்குள்ள சிகிரியாப் பாறையிலும் ஓயாமல் விழுகின்றன. மியூவனின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செக்கன். அதற்குள் ஒளியே கடப்பது 660 மீற்றர்தான். சுருக்கக் காரணி 40 கொண்ட ஒரு மியூவனின் சட்டத்தில் அந்த 15 கிலோமீற்றர் 375 மீற்றராகிறது; அதனால்தான் அது தரைக்கு வந்து சேர்கிறது. சுமார் 180 மீற்றர் உயரப் பாறை அதே சட்டத்தில் நாலரை மீற்றர். அகலம் மாறுவதில்லை. சிங்கப் பாதங்களுக்கு மேலே ஏறும் இரும்புப் படிகளின் சாய்வை 45 பாகை என்று கொண்டால், மியூவனுக்கு அது 1.4 பாகை. மியூவனுக்குக் கண் இல்லை. ஆனாலும் அது பிழைத்து வருகிறது.

மியூவனோடு ஒரு கமரா விழுந்தால்? உச்சியின் ஒளியோடு ஒரே கணத்தில் வந்து சேரும் அடிவாரத்து ஒளி, பாறை இன்னும் வெகுதொலைவில் இருந்தபோதே புறப்பட்டது. அவ்விரண்டும் புறப்பட்ட இடங்களுக்கு இடையே 180இன் 80 மடங்கு, அதாவது 14 கிலோமீற்றருக்கு மேல் இருக்கும். அதே படிகளின் சாய்வு 89 பாகையைத் தாண்டும். அளவை படுக்க வைப்பதைப் பார்வை நிமிர்த்துகிறது. 1924இல் லம்பாவும் 1959இல் பென்ரோசும் டெரெல்லும் பிரித்துக் காட்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

மியூவன்கள் வழியில் ஆற்றல் இழப்பதால் காரணி நிலையானதன்று என்பர். எண் மாறும், வாதம் மாறாது. அளவு மாற்றமும் வெறும் தோற்றமே என்ற வாதம் 1911இல் வரிச்சாக் எழுப்பி, ஐன்ஸ்டைனே மறுத்துவிட்டது.

ஆகவே அந்த நான்காம் பகுதியைத் தமிழாக்குவோர் ‘பெட்ராக்டெட்’ என்பதற்குப் ‘பார்க்கையில்’ என்று எழுதாமல் ‘கணிக்கையில்’ என்றே எழுத வேண்டும்.