கையெழுத்தில்லாத ஒப்பந்தம்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்து. பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், காலடியில் சாமை மூட்டை. பேச்சுவாக்கில், "நாங்க மலையாளிங்க தம்பி" என்றார். "கேரளாவா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "மலைய ஆளுறவன் மலையாளி."

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு மலையைச் சுற்றிச் சுற்றி வந்தே, அதே மாவட்டத்தில் இருக்கும் இன்னொரு மலையில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன். ஜவ்வாது மலையின் பெரும்பான்மை மக்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரில் ஆட்சி இருக்கிறது. மலையில்?

1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் மலைக்காடுகளை அரசின் காப்புக்காடுகளாக மாற்ற வழிசெய்தது. தாத்தா ஆடு மேய்த்த இடத்தில் பேரன் மேய்த்தால் குற்றம் என்றானது. காட்டை எடுத்துக்கொள்ளும்போது அங்கே இருந்தவர்களோடு யாரும் ஒப்பந்தம் போடவில்லை. இதே பிரிட்டிஷார் 1840இல் நியூசிலாந்தில் மாவோரித் தலைவர்களோடு வைத்தாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கனடா, பூர்வகுடிகளோடு போட்ட ஒப்பந்த உரிமைகளை 1982இல் தன் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தது. இரண்டு இடத்திலும் வாக்கு மீறப்பட்டது, நிறையவே. ஆனால் மீறப்பட்டது என்று சொல்லி வழக்குப்போட கையில் ஒரு காகிதம் இருந்தது. ஜவ்வாது மலைக்காரர் கையில் அதுவும் இல்லை.

இந்தியாவுக்கு ஒப்பந்தம் போடத் தெரியாது என்றில்லை. 1947ஐ ஒட்டி ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களிடம் இணைப்பு ஒப்பந்தம் வாங்கியது. நாகர்களோடு 1960இல் 16 அம்ச உடன்பாடு எட்டப்பட்டது. அதிலிருந்துதான் அரசியல் சட்டத்தில் 371ஏ பிரிவும், 1963இல் நாகாலாந்து மாநிலமும் வந்தன. நிலம், வழக்காறு பற்றி நாடாளுமன்றம் போடும் சட்டம், நாகாலாந்து சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாமல் அங்கே செல்லாது. கூட்டாட்சி இவ்வளவு தூரம் வளையும். ஆனால் யாருக்கு வளைந்தது என்று பாருங்கள்: ராஜாக்களுக்கும், துப்பாக்கி தூக்கியவர்களுக்கும்.

இரண்டும் இல்லாதவர்களுக்கு ஐந்தாவது அட்டவணை. என் பார்வையில் அது ஒருதரப்பாக எழுதப்பட்ட ஒப்பந்தம். பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதியைக் குடியரசுத் தலைவர் 'அட்டவணைப் பகுதி' என்று அறிவிக்கலாம். அங்கே பழங்குடி நிலம் கைமாறுவதை ஆளுநர் தடுக்கலாம், பொருந்தாத சட்டத்தை நிறுத்தலாம். கிராமசபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் இந்தப் பகுதிகளுக்குத்தான். பத்து மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு அங்குலம்கூடக் கிடையாது.

ஏன்? பதில் ஒரு பழைய வரைபடத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சில மலைப்பகுதிகளைப் பகுதி விலக்குப் பகுதிகள் என்று தனியே பிரித்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தப் பட்டியலில் வந்தவை கோதாவரி, விசாகப்பட்டினம் பக்கத்து ஏஜென்சி மலைகள். 1950இல் அட்டவணைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டபோது பெரும்பாலும் அதே கோடுகள் தொடர்ந்தன. 1953இல் ஆந்திரா பிரிந்தபோது அவையும் அங்கே போய்விட்டன. ஜவ்வாது, கல்வராயன், கொல்லி, பச்சை மலைகள் யாருடைய பட்டியலிலும் இல்லாமல் நின்றன. என் தொழிலில் இதை லெகசி கோட் என்போம். எழுதியவன் போய் வெகுகாலமாகியும் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது, அது நமக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் 2013இல் ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராமசபைகளிடமே கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பன்னிரண்டு கிராமசபைகளும் வேண்டாம் என்றன. டோங்கிரியா கோந்துகளுக்கு அந்த மலை தெய்வம். மலையே தெய்வம் என்பதை எங்கள் ஊர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலோ, 2008இல் வந்த ஒரு நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்கல் முடங்கி, 2016இல்தான் தடை நீங்கியது.

இடையில் 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. சொந்த மலையில் பிழைப்பு இருந்தால் அடுத்தவன் மலைக்கு ஏன் போகிறான்?

அட்டவணையில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் அட்டவணைப் பகுதிக்குள்தான் சுரங்கங்கள் வந்தன. ஆனால் எதிர்த்து நிற்க அங்கே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை இங்கே கொண்டுவர அரசியல் சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டாம், குடியரசுத் தலைவரின் ஆணை போதும். மாநில அரசு முனைந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக் கோயில் சுவர்களில் ஒரு விளக்கு எரிய யார் எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்பதுகூடக் கல்லில் வெட்டியிருக்கும். கொடுத்த வாக்கை எழுதிவைக்கத் தெரிந்த மண் இது. ஜமுனாமரத்தூருக்கு முன்னாலேயே இறங்கி, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேலே நடந்தார் பெரியவர். அந்தப் பாதை காப்புக்காட்டுக்குள் போனது.