ஏரியைத் தின்ற தோட்டங்கள்

நகரத்து விளிம்பில் மரமும் நிழலும் கிணறுமாக ஒரு குடியிருப்பைப் பார்த்தால், நகரம் பரவும்போது கிராமத்தில் கொஞ்சத்தை விட்டுவைத்திருக்கிறது என்று எண்ணத் தோன்றும். சென்னையின் வரலாறு அந்த எண்ணத்துக்கு அதிகம் இடம் தருவதில்லை. நுங்கம்பாக்கம், எழும்பூர், சேத்துப்பட்டு, அடையாற்றங்கரை ஆகிய இடங்களில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெருகிய தோட்ட வீடுகள் கிராமத்தின் மிச்சங்கள் அல்ல. புனித ஜார்ஜ் கோட்டையில் சம்பாதித்த பணம் கிராமத்து நிலத்தில் இறங்கி, அங்கிருந்து விவசாயத்தை வெளியேற்றிவிட்டுப் பச்சையை மட்டும் வைத்துக்கொண்டதால் வந்தவை. ஊருக்கு மேற்கே கிடந்த பெரிய ஏரி கேட்பாரற்றுப் போனதற்கும் அதுவே முதல் காரணம் என்பது என் வாதம்.

காலவரிசையே முதல் சான்று. எழும்பூர் 1693இலும் நுங்கம்பாக்கம் 1708இலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்துவிட்டன. கோட்டைக்கு வெளியே தோட்ட வீடுகள் சில அப்போதே உண்டு. அப்படி ஒன்றைத்தான் 1753இல் கவர்னருக்காகத் திருவல்லிக்கேணிப் பக்கம் விலைக்கு வாங்கினார்கள். ஆனால் கூட்டமாகக் குடியேற யாருக்கும் துணிவில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1758இல் மீண்டும் வந்து முற்றுகையிட்டார்கள். 1769இல் மைசூர் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. 1780இல் சுற்றுப்புறத்து ஊர்கள் மறுபடியும் சூறையாடப்பட்டன. 1792இல் மைசூருடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு அந்த அச்சம் தணிந்தது. இன்று இசைக் கல்லூரி இருக்கும் பிராடி கோட்டையும், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரிக்குள் நிற்கும் டவ்டன் மாளிகையும் அந்தப் பத்தாண்டின் கட்டடங்கள். இயற்கை மீது திடீரென்று பிறந்த காதல் என்று இதைச் சொல்ல முடியாது. காசு முன்பே இருந்தது. குதிரைப்படை வராது என்ற உறுதி அப்போதுதான் கிடைத்தது.

வந்த இடம் வெறும் பொட்டலும் இல்லை. செங்கற்பட்டுச் சீமை முழுக்க இருந்த காணியாட்சி என்ற பரம்பரை நில உரிமை முறை இந்த ஊர்களிலும் இருந்தது. விளையும் நிலத்தில் மட்டுமல்ல, தரிசிலும் தங்களுக்குப் பங்கு உண்டு என்று அந்த உரிமைக்காரர்களான மிராசுதார்கள் சொன்னார்கள். தரிசு சர்க்காருடையது என்றது கம்பெனி. கம்பெனி அதிகாரி எல்லிஸ் மிராசு உரிமை பற்றி விரிவாக எழுதி, 1818இல் அது அச்சேறியதற்குப் பின்னால் இருந்த சச்சரவு இதுதான். இந்த நிலத்தில்தான் தோட்ட வீடுகள் எழுந்தன: பல ஏக்கர் வளைத்து நடுவில் சுண்ணாம்புச் சாந்து மின்னும் மாடி வீடு, சுற்றிலும் புல்வெளி, மாமரம், வாசல் வரை வண்டிப்பாதை. தோட்டக்காரர், பல்லக்குத் தூக்கிகள், குதிரைக்குப் புல் அறுப்பவர்கள் எல்லாம் பக்கத்துச் சேரியிலிருந்து வந்தார்கள். நேற்றுவரை நாற்று நட்ட கைகள் இன்று புல்வெளிக்குத் தண்ணீர் ஊற்றின. ஊர் பார்ப்பதற்கு அப்படியே இருந்தது. அதன் தொழில் மாறிவிட்டது.

இனி ஏரிக்கு வருவோம். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றார்கள். ஏரி என்பது தண்ணீர் மட்டுமல்ல. கரை, மதகு, ஆயக்கட்டு என்ற பாசன நிலம், ஆண்டுதோறும் தூர்வாரும் குடிமராமத்து எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. ஆயக்கட்டில் நெல் விளையும் வரைதான் மதகு யாருக்காவது கவலை. தோட்ட வீட்டுக்கு ஏரி வேண்டாம், சொந்தக் கிணறு போதும். 1872இல் செங்குன்றத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்தபின் பக்கத்து ஏரிகள் மீதிருந்த கொஞ்சநஞ்ச அக்கறையும் போனது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாங் டேங்கில் படகுப் பந்தயம் நடத்தினார்கள் என்பதே ஏரி யாருடையதாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்ததும், வீட்டுப் பஞ்சத்துக்கு விடையாக அதிகாரிகள் கண்ணில் பட்டது இந்த 'வீண்' பரப்பு. சில ஆண்டுகளில் மாம்பலம் ஏரி மனைகளாகி, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர் ஆனது. நுங்கம்பாக்கத்துப் பகுதியில் மிஞ்சியதன்மீது 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்னும் இருக்கிறது. பார்க்க ஏரிதான் இல்லை.

இதை வெள்ளைக்காரர் செய்த பாவமாக மட்டும் சொல்ல வருகிறேனா என்று கேட்கலாம். இல்லை. வெள்ளையருக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவும் தரகர்களாகவும் இருந்த துபாஷிகளும் தோட்டம் வாங்கினார்கள். ஆர்க்காட்டு நவாப் 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். பிற்பாடு மயிலாப்பூர் வக்கீல்கள் லஸ் சர்ச் சாலையில் அதே பாணியில் வாழ்ந்தார்கள். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் 'ஏகாம்ர நிவாஸ்' அங்கேதான். தியாகராய நகரின் தனித்தனி வீடுகளும் அவற்றைச் சுற்றிய காலி இடமும் அந்த ஆசையின் சிறிய அச்சுகள். நடுத்தரக் குடும்பத்துக்கு வீடு கிடைத்தது நல்லதுதானே என்றால், நல்லதுதான். ஆனால் தோட்ட வீட்டுக்காரர்களின் பரந்த காம்பவுண்டுகள் பல அப்போது கைவைக்கப்படாமல் இருந்தன. விலையாகக் கொடுக்கப்பட்டது பொது ஏரி.

இன்னொரு மறுப்பு கனமானது. இந்தத் தோட்டங்கள் இல்லையென்றால் நகரத்தில் மரமே மிஞ்சியிருக்காது. கல்லூரி வளாகங்களில் இன்று நிற்கும் பழைய மரங்களைப் பாருங்கள் என்பார்கள். மரம் மிஞ்சியது உண்மை. மரத்தைக் காத்தது உரிமையாளரின் மதில். ஏரிக்கு மதில் இல்லை, பயன்படுத்துவோர்தான் அரண். மயிலாப்பூர், திருவல்லிக்கேணித் தெப்பக்குளங்கள் அதே நெரிசலில் பிழைத்தன. அவை ஏரியைவிட மிகச் சிறியவை, கோயில் சொத்து வேறு. ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் ஆண்டுதோறும் தெப்பம் விட ஆளிருக்கும் நீர் மனையாகவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

நகரம் வளர்ந்தால் நிலம் மாறத்தானே செய்யும் என்ற கடைசிச் சமாதானத்துக்குக் கேரளத்தின் ஏலமலையில் ஒரு பதில் இருக்கிறது. சாந்தன்பாறை, சின்னக்கானல் பக்கம் ஏலம் பயிரிட என்று குத்தகைக்குத் தந்த நிலத்தில் விடுதியும் மாளிகையும் கட்டலாமா என்ற கேள்வி கேரள உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இந்தக் குத்தகைக் கட்டுப்பாட்டால் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்ட முடியாமல் தவிக்கும் சிறு விவசாயிகளின் புகார் நியாயமானது. ஆனால் அங்கே வீட்டின் அழகுக்கு முன்னால், அந்த மண்ணில் இனி என்ன விளையப்போகிறது என்று கேட்க ஒரு சட்டம் இருக்கிறது.