ஆடையும் சட்டமும்

விராடன் அரண்மனையிலே பிருகந்நளை என்னும் பெயருடன் பெண்ணுடை தரித்து நடனம் பயிற்றிய அருச்சுனனை நாம் அறிவோம். அம்மன்னன் தன் மகளையே அவனிடம் மாணவியாக ஒப்புவித்தான். அத்தகைய வாழ்க்கையினரைப் பிரித்தானிய ஆட்சி நடத்திய விதம் முற்றிலும் வேறு.

இந்தியாவில் 1871 இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் முதற்பகுதியை வரலாற்று மாணவர் ஓரளவு கற்பர். இரண்டாம் பகுதியைக் கருதுவார் சிலரே. அப்பகுதி ஹிஜ்ரா சமூகத்தினரைக் குறிவைத்து, ஆண்மையற்றவரெனத் தாமே ஒப்புக்கொண்டவரையும் மருத்துவப் பரிசோதனையில் அவ்வாறு தோன்றியவரையும் 'அண்ணகர்' எனப் பெயரிட்டது. அவருள், சிறுவரைக் கடத்துதல் முதலிய குற்றங்களில் ஐயத்துக்குரியோரின் பெயரும் உறைவிடமும் சொத்தும் இடாப்பிற் பதியப்பட்டன. குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை, ஐயமே போதும். பதியப்பட்டவர் பெண்ணுடையோ அணிகலனோ பூண்டு தெருவில் தோன்றினும், அங்கு ஆடினும், இசைக்கருவி வாசிக்கினும், கூலிக்காக ஒரு வீட்டினுள் ஆடினும் பிடியாணையின்றிக் கைதாவர். தண்டனை இரண்டாண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெண்வேடக் கூத்தரைக் கண்டு மகிழ்ந்து வளர்ந்த நமக்கு இது விந்தையாகவே தோன்றும்.

சிறுவரைக் காத்தலே நோக்கம் என்றனர் ஆட்சியாளர். ஆயின் ஆட்கடத்தல் 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஏலவே குற்றமாயிருந்தது. சேலையுடுத்தல் எச்சிறுவனைக் கடத்தும்? மேலும், பதியப்பட்டவர் மரணசாசனம் எழுதவோ நன்கொடை வழங்கவோ மகவைத் தத்தெடுக்கவோ இயலாதென்றும் சட்டம் விதித்தது. குருவின் உடைமை சீடரைச் சேர்வது இச்சமூகத்தின் மரபு; இவ்விதி அம்மரபின் வேரையே வெட்டுவதாயிற்று. ஒரு வாழ்க்கைமுறையே அற்றுப்போக வேண்டுமென்பதே உண்மை நோக்கமென்பது என் துணிபு.

1911 ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் இப்பகுதி இடம்பெறவில்லை. எனினும் ஐதராபாத்து நிசாம் அரசு 1919 இல், பசலி 1329 இல், ஏறத்தாழ இதே விதிகளைத் தன் நாட்டுக்குச் சட்டமாக்கியது.

2014 ஏப்ரல் 15 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர்கள் இராதாகிருஷ்ணனும் சிக்ரியும் அளித்த தீர்ப்பு, 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெயர்சுட்டி நினைவுகூர்ந்தது. ஒருவர் தம் பாலடையாளத்தை உடையாலும் சொல்லாலும் செயலாலும் வெளிப்படுத்தல், அரசியலமைப்பின் 19 ஆம் உறுப்புரை காக்கும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்துள் அடங்குமென அது கூறியது. முன்பு சிறைக்கு வழியாயிருந்த அதே ஆடை உரிமையாயிற்று. ஆயினும் நிசாமின் சட்டம் ஏட்டில் அப்படியே கிடந்தது. தெலுங்கானா உயர் நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளியது 2023 ஜூலையிலேதான்.