கல்லமேட்டின் எலும்பும் பல்லும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயிலில் சென்றிருக்கிறீர்களா? வழியெங்கும் காணப்படும் கரும்பாறை சார்னோக்கைட் எனப்படும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது அது. அப்போது விலங்கினமே தோன்றவில்லை. ஆகவே அப்பாறையில் டைனோசார் எலும்பைத் தேடிப் பயனில்லை. அதற்கு ஆறும் கடலும் உண்டாக்கிய படிவுப் பாறைகள் வேண்டும். அவை அரியலூர்ப் பகுதியில் மிகுதியாக உள்ளன.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் சேர்த்த மணலும் களிமண்ணும் பாறைகளாகியுள்ளன. அங்குக் கிடைத்த சில எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலவியலாளர்கள் 1987-இல் விவரித்தனர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் பகுதி, வால் முள்ளெலும்பு முதலியன அவற்றுள் அடங்கும். 'பேருடல் கொண்ட பல்லி' என்னும் பொருளில் அவ்விலங்கிற்குப் பிருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டு, அதை ஊனுண்ணி என்றனர்.

ஆனால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! புகழ்பெற்ற ஊனுண்ணியான டைரனோசாரஸுக்கு அவ்வெலும்பு ஏறத்தாழ 1.2 மீட்டர்தான். எனவே இது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணியாக இருக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதினர். எலும்புகளை மீண்டும் ஆராயலாமே என்கிறீர்களா? எளிதில் நொறுங்கும் தன்மையுடைய அவை பொடிந்து போய்விட்டன. எஞ்சியவை குறிப்புகளும் வரைபடங்களும், 2022-இல் வெளியான ஒளிப்படங்களுமே.

அதே கல்லமேட்டில் கிடைத்த சிறிய பல் ஒன்றின் கதை வேறு. அதன் ஓரத்தில் இரம்பத்தில் உள்ளவை போன்ற கூர்கள் இருந்தன. அவற்றின் வடிவைக் கொண்டு, அது டிரூடான்டிட் என்னும் சிறிய டைனோசார்க் குடும்பத்தைச் சேர்ந்தது என அஞ்சலி கோஸ்வாமி, பிரசாத் முதலியோர் 2013-இல் அறிவித்தனர். அதுவரை அக்குடும்பம் வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. இந்தியாவோ அன்று கடல் சூழ்ந்த தனி நிலப்பரப்பு. அவ்விலங்கு இங்கு எப்படி வந்தது? ஒரு பல் இத்தகைய கேள்வியை எழுப்புகிறது! இம்முடிவை எவரேனும் ஐயுற்றால், பல்லை எடுத்து மறுபடியும் பார்க்கலாம். 2 மீட்டர் எலும்பிற்கோ அந்த வாய்ப்பு இல்லை.

அறிவியலில் ஒரு பெயர் மாறுவது இழுக்கன்று. சான்று அழிவதே இழப்பு. அரியலூர்ப் பக்கம் கிணறு வெட்டும்போது எலும்பு போன்ற கல் தென்பட்டால், அதைப் பெயர்த்து எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு நிலவியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். கல்லைப் போலவே அது கிடந்த இடமும் ஒரு சான்றுதான்.