குடியிருந்தபடியே கூரை மாற்றிய கதை

கைபேசியில் 'புதுப்பிக்கவா?' என்று கேட்டால் பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுகிறோம். சர்வர் விஷயம் அப்படியில்லை. ஓர் அலுவலகம் முழுவதும் அதை நம்பி இருக்கும். அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது, ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் ஓட்டைப் பிரித்துக் கூரை மாற்றுவது போன்ற வேலை. பணிக்காலத்தில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில், இந்த வேலை பயமில்லாமல் செய்யக்கூடியதாக எப்படி மாறியது என்பதை எழுதிவைக்கத் தோன்றியது.

"நல்லாத்தானே ஓடுது, எதுக்கு அதுல கை வைக்கிறீங்க?" என்று மேலதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் ஆயுள் உண்டு. டெபியன் என்ற லினக்ஸை எடுத்துக்கொண்டால், ஒரு பதிப்புக்கு முதல் 3 ஆண்டுகள் முழுப் பராமரிப்பு. நீட்டிப்பையும் சேர்த்தால் 5 ஆண்டுகள். அதன் பிறகு புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்கும் திருத்தம் வழக்கமான வழியில் வந்து சேராது. பூட்டு பழுதான வீட்டில் திருடன் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

டெபியனை அறிவித்தவர் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக். நாள் 1993 ஆகஸ்ட் 16. தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து 'டெபியன்' என்று வைத்தார். அந்தக் காலத்தில் புதிய பதிப்பு வந்தால், பழையதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவதுதான் பெரும்பாலும் வழக்கம். டெபியன்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு பொட்டலமாகக் கட்டினார்கள். எந்தக் கோப்பு எந்தப் பொட்டலத்தைச் சேர்ந்தது, எதற்கு எது தேவை என்று கணக்கு வைக்க 'டிபிகேஜி' என்ற நிரலை எழுதினார்கள். அதில் ஒரு நல்ல பழக்கமும் இருந்தது: நாம் கையால் திருத்திய அமைப்புக் கோப்பு இருந்தால், கேட்காமல் அதை அழிக்காது.

பெரிய சோதனை 1998 ஜூலையில் வெளிவந்த டெபியன் 2.0 பதிப்பில் வந்தது. ஏறக்குறைய எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் 'லிப்சி' என்ற நூலகம் 5ஆம் வரிசையிலிருந்து 6க்கு மாறியது. வீட்டில் இது நடுத்தூண் மாதிரி. வரிசை தவறி மாற்றினால், கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ஷெல்லே செயலிழக்கலாம். பிறகு சரிசெய்யக் கட்டளை கொடுக்கவும் வழியிருக்காது. அதனால் பழைய தூணை எடுக்காமல் பக்கத்திலேயே புதியதை நிறுத்தினார்கள். எதை முதலில், எதை அடுத்து மாற்றுவது என்ற வரிசையை 'ஆட்டோஅப்' என்ற சிறு நிரலில் எழுதியே கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 1999 மார்ச்சில், 2.1 பதிப்போடு 'ஆப்ட்' வந்தது. வரிசையைக் கணக்கிடும் பொறுப்பை அதுவே ஏற்றுக்கொண்டது.

கருவிகள் வளர்ந்ததோடு சில ஒழுங்குகளும் நிலைத்தன. பதிப்புகளைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 11லிருந்து 13க்குப் போக 12 வழியாகத்தான் போக வேண்டும். முதலில் அதே மாதிரியான வேறொரு கணினியில் செய்து பார்க்க வேண்டும். பேக்கப் எடுத்தால் போதாது, அதிலிருந்து மீட்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் புதிதாக எதையும் சேர்க்காமல், எதையும் நீக்காமல் முடிந்தவற்றை மட்டும் மாற்றி, இரண்டாம் சுற்றில் முழுமையாக மாற்ற வேண்டும். தொலைவிலிருந்து வேலை செய்தால், இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காதபடி 'ஸ்கிரீன்' போன்ற நிரலுக்குள் இருந்து செய்ய வேண்டும். டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவில், தொலைவிலிருந்து பதிப்பு மாற்றும்போது 1022 என்ற எண்ணில் கூடுதலாக ஒரு வாசல் திறக்கும். முன்வாசல் அடைபட்டால் கொல்லைப்புறமாக உள்ளே போகலாம்.

இந்த ஒழுங்குகள் எதுவும் ஒருவர் மூளையில் ஒரே நாளில் உதித்தவை அல்ல. உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள், தாங்கள் பட்ட அனுபவத்தை அடுத்தவருக்காக எழுதிவைத்ததால் வந்தவை. நள்ளிரவில் சர்வர் முன் தனியாக உட்கார்ந்திருந்தபோது, முகம் தெரியாத அந்த மனிதர்கள் எழுதிய வழிகாட்டியின் துணையில்தான் நான் 'ரீபூட்' கொடுத்திருக்கிறேன்.

இயன் மர்டாக் 2015 டிசம்பரில் தமது 42ஆம் வயதில் மறைந்தார். டெபியன் 13 பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. அதனுடன் வந்த குறிப்பேட்டில், பதிப்பு மாற்றத்துக்குத் தயாராவது எப்படி என்ற பகுதியைத் திறந்தால், முதலில் சொல்லப்படுவது இன்றும் அதேதான்: உங்கள் தரவுகளைப் பேக்கப் எடுத்துவிட்டீர்களா?