துண்டில் ஏறிய கடன்

புதுத் தொழிலுக்கு முதல் பணம் போடுகிறவர் நட்டத்துக்கும் துணிந்தவர், ஆகவே இலாபத்தின் பெரும்பங்கு அவருக்கே என்ற ஸ்டார்ட்அப் வாதம் இன்று கொழும்பிலும் கேட்கிறது. ஊவா மலைகளுக்கு அது நூற்றைம்பது வருடப் பழசு. மடுல்சீமையில் காட்டை வெட்டி எரித்துக் கோப்பிக் கன்று நட்டால் முதல் அறுவடைக்கு மூன்று வருடமாவது ஆகும்; அதுவரை செலவுதான். அவ்வளவு பணம் கையில் வைத்திருந்த தோட்டத் துரை அபூர்வம். வரப்போகும் விளைச்சலை ஈடாகக் கொண்டு கொழும்பு முகவர் நிறுவனங்கள் முற்பணம் கொடுத்தன. கோப்பியைத் தங்கள் மூலமே விற்க வேண்டும் என்று கட்டிப்போட்டு, வட்டியோடு கமிஷனும் எடுத்தன. அவற்றுக்குப் பின்னால் ஓரியண்டல் வங்கி, அதற்கும் பின்னால் லண்டன்.

தோட்ட முதலீட்டின் கதையை இதோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் பணம் துரையின் பங்களாவைத் தாண்டியும் இறங்கியது. இந்தியாவிலிருந்து ஆள் கட்டிவர, ஆட்களின் தலைவரான கங்காணிக்கு முற்பணம் கொடுத்தார்கள். போதாததற்கு அவர் செட்டியாரிடம் கைநீட்டினார். ஊர்க்கடன், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பற்றில் ஏறின. கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், இன்ன தொகை கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். புதிய துரை அதைக் கட்டிவிட்டு அதே தொகையைத் தன் ஏட்டில் பற்று எழுதுவார். கடன் தீராமல் இடம் மட்டும் மாறும். சம்பளமும் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. கொடுக்காமல் வைத்த கூலி தோட்டத்துக்கு வட்டியில்லாத முதல். அந்த வகையில், பங்குப் பத்திரம் இல்லாத முதலீட்டாளர் அந்தத் தொழிலாளியே.

இந்த ஏற்பாட்டைச் சோதித்தது ஒரு பூஞ்சணம். 1869இல் மடுல்சீமையில்தான் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி முதலில் கண்டறியப்பட்டது. பேராதனைப் பூங்காவின் த்வெயிட்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பூஞ்சண ஆய்வாளர் பார்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். விளைச்சல் சரிந்தது, ஆனால் கோப்பி விலை ஏறியதால் சரிவு கணக்கில் தெரியவில்லை, பணமும் நிற்கவில்லை. நோய் தெரிந்து ஒன்பது வருடம் கழித்து, 1878இல், இலங்கையில் சுமார் 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. துணிச்சல் என்பதா, அடுத்தவன் பணம் தந்த தைரியம் என்பதா? 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது.

பணம் போட்டவர்களும் அழிந்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான், எத்தனையோ துரைமார் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். ஆனால் அவர்கள் நட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. தோட்டம் கைமாறியதோடு கணக்கு முடிந்தது. அதே மண்ணில் சிங்கோனாவும் பிறகு தேயிலையும் வந்தன. வங்கி நோட்டு வைத்திருந்தவர்களுக்கோ ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசு உத்தரவாதமே கொடுத்தார். தொழிலாளியின் பாக்கிச் சம்பளத்துக்கு அப்படி யாரும் முன்வரவில்லை, அவன் பற்றும் அழியவில்லை. கொடுமைக்காரத் துரையிடமிருந்து தப்ப அந்தத் துண்டே வழியாக இருந்தது என்ற எதிர்வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் போவதா இருப்பதா என்பது கங்காணியின் முடிவு, தலையில் ஏறும் தொகை தொழிலாளியுடையது. ஆட்களுக்குப் போட்டி கூடக்கூடத் துண்டுத் தொகையும் ஏறி, கடைசியில் துரைமாருக்கே அது கட்டுப்படியாகவில்லை. இந்தியாவிலிருந்து வந்த அழுத்தமும் சேர்ந்து, 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. வங்கி விழுந்து அப்போது 37 வருடம்.