லைக்கன் பிளானஸ்: நம் தோலில் அது எப்படித் தெரியும்?

மணிக்கட்டின் உட்புறத்திலும் கணுக்காலிலும் சிறு சிறு தடிப்புகள், தூங்கவிடாத அரிப்பு. படர்தாமரை என்று நாமே முடிவு செய்து, மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறோம். மாதங்கள் போகின்றன, குணமாவதில்லை. இப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் நோய்களில் ஒன்றுதான் லைக்கன் பிளானஸ்.

1869-ல் ஆங்கிலேய மருத்துவர் எராஸ்மஸ் வில்சன் இந்நோய்க்குப் பெயரிட்டு விவரித்தார். தட்டையான, பளபளப்பான, ஊதா நிறத் தடிப்புகள் என்றே மருத்துவ நூல்கள் இதை வர்ணிக்கின்றன. அது வெள்ளைத் தோலில் தெரியும் நிறம். நம் மாநிறத் தோலில் அதே தடிப்பு கரும்பழுப்பாகவோ சாம்பல் கலந்த கருப்பாகவோ தெரியும். அதனால்தான் பலர் இதை அடையாளம் காணத் தவறுகிறார்கள்.

ஏன் வருகிறது?

இது கிருமியால் பரவும் தொற்று அல்ல. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே மேல்தோலின் அடியிலுள்ள செல்களைத் தாக்குகின்றன. அப்போது அங்குள்ள நிறமி தோலின் ஆழத்திற்கு இறங்கித் தங்கிவிடுகிறது. தடிப்பு பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் அடங்கிவிடும். ஆனால் நிறமி மிகுந்த நம் தோலில் கருந்தழும்பு நெடுநாள் நீடிக்கும். தழும்பு இருப்பதாலேயே நோய் தீரவில்லை என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஆசியர்களிடம் கண்டறியப்பட்டவை

1974-ல் டெல்லியைச் சேர்ந்த தோல் மருத்துவர் பூட்டானியும் அவருடைய குழுவினரும் இந்நோயின் ஒரு வகையைத் தனியாக விவரித்தனர். முகம், நெற்றிப்பொட்டு, கழுத்து ஆகிய இடங்களில் தடிப்பின்றிக் கருமை மட்டும் படரும் வகை அது. வெயில், கடுகெண்ணெய், நெல்லிக்காய்த் தைலம், தலைச்சாயம் ஆகியவை இதைத் தூண்டக்கூடும் என்று மருத்துவர்கள் சந்தேகிக்கின்றனர்.

குழந்தைகளுக்கு இது அரிதாகவே வரும். எனினும், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், பாதிக்கப்பட்ட 26 குழந்தைகளில் பெரும்பாலோர் இந்தியத் துணைக்கண்டப் பின்னணி கொண்டவர்கள். ஜப்பானிய ஆய்வுகள் ஹெபடைடிஸ் சி கிருமியுடன் இந்நோய்க்குத் தொடர்பு இருப்பதைக் காட்டின. ஆனால் எல்லா நாடுகளிலும் அந்தத் தொடர்பு ஒரே அளவில் காணப்படவில்லை. மருத்துவர் அதற்கான ரத்தப் பரிசோதனை எழுதினால் அஞ்சாமல் செய்துகொள்ளலாம்.

வாயில் வந்தால்

கன்னத்தின் உட்புறத்தில் வலை பின்னியது போன்ற வெள்ளைக் கோடுகள் தெரியும். காரம் பட்டால் எரியும். வாயில் வரும் வகை பல ஆண்டுகள் நீடிக்கக்கூடியது. ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு அது புற்றுநோயாக மாறும் வாய்ப்புண்டு. எனவே வெற்றிலை, பாக்கு, புகையிலையை அறவே விட்டுவிட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் வாயைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

• தோல் மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் சிறு துண்டுத் தோலை எடுத்துச் சோதித்து உறுதி செய்வார்.

• ஸ்டீராய்டு களிம்புதான் இதற்கு முதன்மை மருந்து. ஆனால் அளவும் காலமும் மருத்துவர் சொன்னபடியே இருக்க வேண்டும். முகத்தில் நாமாகப் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

• சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் இதே போன்ற தடிப்பு வரலாம். சாப்பிடும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

• பெருநாளுக்கும் திருமணத்திற்கும் அரைத்த மருதாணி இலையே போதும். உடனே கருப்பாகச் சிவக்கும் கூம்புகளில் தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது தொட்டால் ஒட்டும் நோயல்ல. பாதிக்கப்பட்டவருடன் ஒரே சஹனில் அமர்ந்து சாப்பிடலாம். அவருடைய துணியைத் தனியே துவைக்க வேண்டியதில்லை. முகத்தில் கருமை படர்ந்த ஒரு பெண்ணின் திருமணப் பேச்சை அதற்காக நிறுத்துவது அறியாமை. அந்த அறியாமையை நம் வீட்டிலிருந்தே அகற்றுவோம்.